சுருள் திணை: ஒரு சிற்றிலக்கணம்

அன்பின் ஐந்திணையோடு கைக்கிளை, பெருந்திணை இரண்டையும் சேர்த்து அகத்திணை ஏழு என்பது தமிழ் படித்தோர் அறிந்தது. எட்டாவதாக ஒன்று அண்மைக் காலத்தில் தோன்றி, இலக்கணம் எழுத ஆளில்லாமல் கிடக்கிறது. பழைய பிலிம் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கிராமத்து அன்றாட வாழ்வைப் படம் பிடிக்கக் கிளம்பிப் போவதே அது. அதற்குச் சுருள் திணை என்று பெயரிட்டு, முதல், கரு, உரி என்னும் முறைப்படி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்பொருளில் நிலம் முன்னே வரும். பாலைக்கெனத் தனி நிலம் கிடையாது. கோடையில் வறண்டுபோன பிற நிலமே பாலை என்பர். சுருள் திணையும் அப்படித்தான். விடிகாலையில் சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ காரில் கிளம்பிக் காலைப் பலகாரத்துக்குள் போய்ச் சேர முடிகிற எந்த மருதமும் எந்த முல்லையும் சனி, ஞாயிறுகளில் சுருள் திணையாகத் திரியும். திங்கட்கிழமை பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

பொழுது, காலையும் மாலையும். நண்பகல் விலக்கு. உச்சி வெயில் கண்குழிகளைக் கறுப்பாக்கிவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அந்நேரம் ஊரே நூறு நாள் வேலைக்குப் போயிருக்கும் என்பது சொல்லப்படாத காரணம். முன்னோர் இப்படி நேரம் பார்த்ததில்லை. நம் பெரியப்பாக்கள் வைத்திருந்த ஆக்ஃபா கிளிக் III கேமராவில் வெயிலுக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று என்பதற்கு மேல் திருகுவதற்கு அதிகமில்லை. சுருளின் வேகமும் குறைவு, லென்ஸின் வாயும் சிறிது. எனவே குடும்பம் முழுவதையும் நடு முற்றத்தில் நிறுத்தி, சூரியன் தன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி பெரியப்பா நின்றுகொள்வார். பழைய ஆல்பங்களில் எல்லோரும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருப்பதைக் கண்டு வறுமை என்றும் சமூகச் சோகம் என்றும் எழுதியோர் உண்டு. அது வெயில் என்க.

லைட் மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு வாய்ப்பாடு இருந்தது, இன்றும் செல்லும். தெளிந்த வெயிலில் அப்பர்ச்சரை 16இல் வை. சுருளின் வேகம் 125 என்றால் ஷட்டரையும் நொடியில் 125இல் ஒரு பங்காக வை. இன்றைய திணை மாந்தர் இதை மனப்பாடமாகச் சொல்வர்; சொல்லி முடித்தபின் செல்போனை எடுத்து மீட்டர் செயலியில் சரிபார்ப்பர்.

கருப்பொருள் விரிவானது. தெய்வம், மண்குதிரையுடன் நிற்கும் அய்யனார். உணவு, கண்ணாடி டம்ளரில் டீ. தொழில், பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருத்தல். திண்ணையும் நாட்டு ஓடும் கயிற்றுக் கட்டிலும் உரலும் ஏற்கப்பட்டவை. பாட்டியின் காதில் தண்டட்டி தொங்கினால் அது தலைமைக் கருப்பொருளாகும். டிஷ் ஆன்டெனா, நீல டிரம், அரசு கொடுத்த டிவி, மிக்சி, டிவிஎஸ் எக்ஸ்எல் ஆகியன விலக்கப்பட்டவை. இவற்றைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளும்பொருட்டுக் கேமராக்காரர் இரண்டடி இடப்பக்கம் நகர்வதை ‘கோணம் பார்த்தல்’ என்பர். பிளாஸ்டிக் குடத்தைப் பற்றி மட்டும் அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. வண்ணச் சுருள் மரபினர் அதை நிறத்துக்காக வரவேற்கிறார்கள். கறுப்பு வெள்ளை மரபினரோ, குடத்தை வார்த்தவர்கள் பழைய பித்தளைக் குடத்தின் வடிவத்திலேயே வார்த்திருப்பதால் சாம்பல் நிறத்தில் யாருக்கும் தெரியாது என்று கூறி அமைதி காண்கிறார்கள்.

விலங்கு, மாடு. நாட்டு மாடாயின் சிறப்பு. ஜெர்சி மாடு ஆகாது. மாட்டை இங்கே சற்று விரித்துரைக்க வேண்டும். ஏனெனில் படத்துக்குள் மாடு நுழையுமுன்னரே சுருளுக்குள் மாடு இருக்கிறது. ஒளியை வாங்கும் வெள்ளி உப்பைச் சுருளின்மேல் பிடித்து வைத்திருக்கும் ஜெலட்டின், கால்நடைகளின் எலும்பிலும் தோலிலும் இருந்து வருவது. 1920களில் சில ஜெலட்டின் மட்டும் சுருளை வேகமாக்குவதையும் சில மந்தமாக்குவதையும் கண்டு கோடக் நிறுவனத்தார் குழம்பினர். சாமுவேல் ஷெப்பர்டு என்ற வேதியியலாளர் ஆராய்ந்து, கடுகில் உள்ளது போன்ற கந்தகச் சேர்மம் சிறிதளவு இருப்பதே வேகத்துக்குக் காரணம் என்று கண்டார். மாடு கடுகுச் செடியை மேய்ந்ததா என்பதைப் பொறுத்தது சுருளின் வேகம். மேய்ச்சல் நிலத்தைப் படமெடுக்கும்போது சுருளும் ஒருகால் மேய்ந்ததே என்பதைத் திணை மாந்தர் நினைவில் கொள்க. அவருள் சைவ உணவினர் இவ்வுண்மையைக் காணாது போவது மரபு.

விலக்குதலுக்கு முன்னோடிகள் உண்டா என்றால், உண்டு. 1858இல் லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி, சென்னை அரசின் புகைப்படக்காரராக மதுரையையும் தஞ்சாவூரையும் மெழுகிட்ட காகித நெகட்டிவில் பதிந்தார். பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒரே நீளப் படமாக ஒட்டியவர் அவரே. அவருடைய படங்களில் ஊர் இருக்கும், ஆள் அரிது. அந்தக் காகிதத்துக்கு நெடுநேரம் வெளிச்சம் காட்ட வேண்டியிருந்ததால் நடமாடியவர்கள் பதியாமல் கரைந்துபோனார்கள். டிரைப்புக்கு ஆளை அழித்தது வேதியியல். நம் காலத்தவர் டிஷ் ஆன்டெனாவைத் தாமே அழிக்கிறார், அவ்வளவே வளர்ச்சி.

இன்னொரு முன்மாதிரி அண்மையது. கோடக்ரோம் என்ற புகழ்பெற்ற வண்ணச் சுருளைக் கோடக் 2009இல் நிறுத்தியபோது, கடைசியாக உற்பத்தியான சுருள் ஸ்டீவ் மெக்கரியிடம் தரப்பட்டது. 36 படம். உலகத்தில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற நிலையில் அவற்றுள் சில ராஜஸ்தானின் ரபாரி மக்களுக்குப் போயின. சுருளுக்கு உயிர் போகும் தறுவாயில் தலைப்பாகை கட்டிய முதியவரைத் தேட வேண்டும் என்ற விதி இதனால் உறுதிப்படுகிறது.

உரிப்பொருள் ஏங்கலும் ஏங்கல் நிமித்தமும். ஏங்குபவர் கேமராக்காரர். தாத்தா விற்றுவிட்டு வந்த காணியை நொடியில் 125இல் ஒரு பங்கு நேரம் திரும்பப் பெறுதல் என்று இதை வரையறுக்கலாம். ஒரு பக்கத்து ஏக்கம்தானே, கைக்கிளையில் அடக்கிவிடலாமே என்பார் உளர். அடங்காது. கைக்கிளையில் எதிரில் இருப்பவர் மறுமொழி சொல்வதில்லை. இங்கே பாட்டி சொல்கிறார்.

மேலூர்ப் பக்கத்துத் திண்ணை ஒன்றில் கேட்ட உரையாடல் சான்று. கேமரா, யாஷிகா மேட் 124ஜி. இரட்டை லென்ஸ், வயிற்றருகே பிடித்து மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும், வலம் இடமாகத் தெரியும். தலைகுனிந்து நிற்பவரைக் கும்பிடுகிறார் என்று எண்ணிப் பாட்டியும் கைகூப்பிவிட்டார். அதன்பின்:

“பாட்டி, கையைக் கீழ போட்டுட்டு அப்படியே இருங்க.”

“இருப்பா, சேலைய மாத்திட்டு வந்துர்றேன்.”

“வேண்டாம் பாட்டி. இதுதான் நல்லா இருக்கு.”

“இதா? மாட்டுக்குத் தண்ணி காட்டுன சேலைப்பா. மக எடுத்துக் குடுத்த புதுச்சேல பீரோவுல கெடக்கு.”

“இயற்கையா இருக்கணும் பாட்டி.”

ஷட்டர் விழுந்தது.

“எங்க, காமி பாப்போம்.”

“இது பிலிம் பாட்டி. கழுவினாத்தான் தெரியும். ஒரு மாசம் ஆகும்.”

“எம் பேத்தி அமுக்குன ஒடனே காட்டுறாளே. ஓங்கிட்ட நல்ல போன் இல்லையாப்பா?”

இவ்வுரையாடலில் பாட்டி பேசுவது அறியாமை அன்று, பழைய இலக்கணம். இதே கேமரா கடைத்தெரு ஸ்டூடியோக்களில் இருந்த காலத்தில், சேலையை முடிவு செய்பவர் பாட்டியாகவே இருந்தார். ஊரிலிருந்து பஸ் ஏறிப் போய், ஸ்டூடியோக் கண்ணாடி முன் அங்கே கிடக்கும் சீப்பால் தலை சீவி, பவுடர் போட்டு, இரவல் கோட்டு மாட்டி, வரைந்த திரைக்கு முன்னால் நிற்பார்கள். திரையில் மாடிப்படி இருக்கும், பூந்தோட்டம் இருக்கும், சிலவற்றில் ஆகாய விமானமும் பறக்கும். ஒரு சுருளில் 12 படம். ஒவ்வொன்றும் யாரோ காசு கொடுத்தது. உதகையில் 1967 முதல் ‘இண்டு’ சுருள்களைச் செய்த அரசு ஆலையும் இந்தக் காசையும் நம்பியே ஓடியது. நெகட்டிவைக் கழுவியபின் ஸ்டூடியோக்காரர் கூரிய பென்சிலை எடுத்துக் கன்னத்துச் சுருக்கங்களை ஒவ்வொன்றாக நிரப்பி மறைப்பார். மறைக்காவிட்டால் பாக்கித் தொகை வராது.

இன்றைய கணக்கு வேறு. வண்ணச் சுருள் ஒன்று ஆயிரம் ரூபாயை ஒட்டி விற்கிறது. கழுவவும் ஸ்கேன் செய்யவும் தனிச் செலவு. 2024-25இல் தமிழ்நாட்டின் நூறு நாள் வேலைக் கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய். நாலு நாள் மண் வெட்டினால் பாட்டி தன்னைத் தானே 12 தரம் எடுத்துக்கொள்ளலாம். பாட்டி அப்படிச் செய்வதில்லையாதலால் செலவைக் கேமராக்காரர் ஏற்கிறார். செலவை ஏற்பவரே சேலையை முடிவு செய்வார் என்பது பொது விதி. சுருக்கம் இப்போது மறைக்கப்படுவதில்லை. அதற்காகத்தான் லென்ஸே வாங்கப்படுகிறது.

கழுவுதல் பற்றி ஒரு சொல். கறுப்பு வெள்ளை டெவலப்பருக்குரிய சூடு 20 டிகிரி என்று டப்பாவில் அச்சிட்டிருக்கும். மே மாதத்து மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் இதைப் படித்ததில்லை. ஐஸ்கட்டி போட்டுச் சமாளிக்க வேண்டும். சமாளிக்காமல் விட்டுப் படம் குருணை குருணையாக வந்தால் அதற்கும் ரசிகர் உண்டு. காலாவதியான மாத்திரையைக் கடைக்காரர் முகத்தில் எறிபவர்கள், காலாவதியான சுருளைக் கூடுதல் விலைக்குத் தேடுகிறார்கள்.

இனி ஆராய்ச்சியாளர்க்கு ஒரு புறநடை. பாட்டி காலமானால் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் வைக்க ஒரு படம் வேண்டும். உள்ளதிலேயே நல்ல நெகட்டிவ் சென்னையில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. அதை வீட்டார் அறியார். எனவே ஆதார் அட்டைப் படத்தைக் கொண்டுபோய் பிளக்ஸ் கடையில் கொடுக்கிறார்கள். கணினி முன் இருக்கும் பையன் முதலில் சுருக்கங்களை அழிக்கிறான். பிறகு வந்திருக்கும் மகளைப் பார்த்து, “என்ன கலர்ல சேலை போடட்டும்க்கா?” என்று கேட்கிறான். அக்கா மாம்பழ மஞ்சள் என்கிறார்; அரக்குக் கரையும் வேண்டும் என்கிறார். கழுத்தில் இரட்டை வடச் சங்கிலி ஏறுகிறது. சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை. பின்னணியில் வரும் மேகத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை.