கூரைக் கண்ணாடி விளக்குகளின் தேர்வு, ஏற்றம், கழற்றல் குறித்து

கூரையில் பொருத்தும் கண்ணாடி விளக்கோடு இருவருக்குச் சம்பந்தம் உண்டு. கடையில் அண்ணாந்து பார்த்து அதைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர். வீட்டில் ஸ்டூல்மேல் நின்று கழுத்து வலிக்க அதைக் கழற்றிக் கழுவுபவர் இன்னொருவர். இருவரும் ஒரே ஆளாக அமைவது அரிது. இத்துறையின் சிக்கல்கள் அனைத்தும் இங்கிருந்தே கிளைக்கின்றன. அழகு, வெளிச்சம், விலை ஆகியவற்றைக் கொண்டு விளக்கை மதிப்பிடுவது மரபுவழி. இக்கட்டுரை அம்மரபை மரியாதையோடு ஒதுக்கிவிட்டு, ‘கழற்ற வருமா’ என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்கிறது. அழகு வாங்கிய ஒரே மாதத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். கழற்றும் வேலையோ வருடம் தவறாமல் வரும்.

முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். பெரிய மாளிகைகளிலும் தேவாலயங்களிலும் சரவிளக்கைக் கப்பியில் கோத்த கயிற்றில் தொங்கவிட்டு, ஏற்றவும் துடைக்கவும் தரைமட்டத்துக்கு இறக்கினார்கள். விளக்கு மனிதனிடம் இறங்கி வந்த காலம் அது. கான்கிரீட் தளமும் மின்சாரமும் வந்தபின் மனிதன் விளக்கிடம் ஏறிப்போகிறான்.

இன்று வீடுகளில் காணப்படும் இனங்கள் மூன்று. தளத்தோடு ஒட்டிக்கிடக்கும் டூம், வயரிலோ குழாயிலோ தொங்கும் குண்டு, மாடிப்படி வெளிக்கு மேல் தொங்கி உறவினரை வியக்கவைக்கும் சரவிளக்கு. மூன்றாவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதை வாங்குபவர் யாரிடமும் யோசனை கேட்பதில்லை. முதல் இரண்டில் முதலில் கவனிக்க வேண்டியது எடை. கண்ணாடி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 கிராம் இருக்கும். எனவே 30 செ.மீ. விட்டமும் 3 மி.மீ. கனமும் உள்ள ஒரு குண்டு ஏறக்குறைய 2 கிலோ வரும். கடைக்காரர் இரண்டு விரலால் தூக்கிக் காட்டும்போது இந்தக் கணக்கு யார் நினைவுக்கும் வருவதில்லை. பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் உண்டு, கண்ணாடி விழும் பலன் கிடையாது. அதைத் தலை தானே கண்டுகொள்ள வேண்டியதுதான்.

கண்ணாடியின் தன்மையும் வேலையைக் கூட்டும் அல்லது குறைக்கும். தெளிந்த கண்ணாடி பல்பையும் தூசியையும் ஒருசேரக் காட்டும். வெளிப்புறம் சொரசொரப்பாக்கிய கண்ணாடியில் ஒருமுறை எண்ணெய்க் கை பட்டால் ரேகை பதிந்து நிற்கும். பால்போல் வெளுத்த கண்ணாடி கொஞ்சம் வெளிச்சத்தை விழுங்கினாலும், கண் கூசாமல் அறை முழுக்கப் பரப்பும். உள்ளே கிடப்பதையும் ஓரளவு மறைக்கும். நடுத்தரக் குடும்பத்துக்கு உகந்தது இதுவே.

அடுத்து இடம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வசிக்கும் அறைக்குக் குறைந்தது 2.75 மீட்டர் உயரம் கேட்கிறது. அந்த அறைக் கூரையின் நடு இடம் தமிழ்நாட்டில் விசிறிக்குப் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டது. விளக்கு ஓரத்தில்தான் குடியேற முடியும். அங்கும் எல்லைத் தகராறு உண்டு. விசிறி இறக்கைக்கு மேலே, அதன் வட்டத்துக்குப் பக்கத்தில் விளக்கு அமைந்தால், நிமிடத்துக்கு 300 சுற்று ஓடும் மூன்றிறக்கை விசிறி நொடிக்குப் பதினைந்து தடவை வெளிச்சத்தை வெட்டும். அந்த அறையில் அரைமணி நேரம் செய்தித்தாள் படிப்பவருக்குத் தலைவலிக்கு வேறு காரணம் தேட வேண்டாம். தொங்கும் குண்டானால், விசிறிக் காற்றில் அது ஆடிக்கொண்டே இருக்கும். அதற்குரிய இடம் சாப்பாட்டு மேசைக்கு மேலே, யாரும் நடந்துபோகாத பகுதி.

தேர்வில் மிகவும் கூர்ந்து நோக்க வேண்டிய உறுப்பு கழுத்து. பழைய டூம்களில் உலோக வளையத்தைச் சுற்றி மூன்று சிறு திருகுகள் கண்ணாடியின் விளிம்பைப் பிடித்திருக்கும். இந்த ஏற்பாட்டில் இரண்டு ஆபத்துகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. அதிகம் இறுக்கினால் விளிம்பில் மயிரிழைக் கீறல் விழும். தளர விட்டால் விசிறியின் அதிர்விலும் மாடியில் அம்மி நகர்த்தும் அதிர்விலும் திருகு மெல்லக் கழன்றுவரும். மூன்றையும் சுற்றிச்சுற்றி, சிறிது சிறிதாக, விரலால் மட்டும் முடுக்க வேண்டும். குறடு தொட்ட கழுத்து நெடுநாள் வாழ்ந்ததில்லை. அதைவிடச் சிறந்தது, பாட்டில் மூடிபோல் திருகி மாட்டும் மரையுள்ள வகை. கடையிலேயே கழற்றி மாட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். விற்பவரே இரு கையாலும் தடுமாறினால், வாங்குபவர் அடுத்த மாடலுக்கு நகர்வது நல்லது.

உள்ளே போடும் பல்பிலும் ஒரு கண் வேண்டும். 60 வாட் குண்டு பல்பின் வேலையை இன்று 9 வாட் எல்இடி செய்கிறது. சூடு குறைவுதான், ஆனால் மூடிய டூமுக்குள் அந்தக் குறைந்த சூட்டுக்கும் போக்கிடம் இல்லை. எல்இடியின் மின்சுற்றில் உள்ள கெப்பாசிட்டரின் ஆயுள், 10 டிகிரி கூடினால் ஏறக்குறையப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் நடைமுறைக் கணக்கு. பல வருடம் உழைக்க வேண்டிய பல்பு இரண்டு தீபாவளியோடு விடைபெற, அதன் பழியை மின்வாரியம் ஏற்கிறது.

பூச்சிகளின் பங்கை இத்துறை வெகுகாலம் தவறாகப் புரிந்துவைத்திருந்தது. அவை வெளிச்சத்தின்மேல் ஆசைப்பட்டு வருவதாகக் கருதப்பட்டது. 2024இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, பறக்கும் பூச்சி தன் முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பும் இயல்பினாலேயே விளக்கைச் சுற்றி மாட்டிக்கொள்கிறது என்று காட்டியது. வானம் எது, நாற்பது ரூபாய் பல்பு எது என்று அதற்குத் தெரிவதில்லை. முதல் மழைக்கு மறுநாள் ஈசல்கள் கழுத்து இடுக்கு வழியாக டூமுக்குள் இறங்குகின்றன, இறக்கைகளை உதிர்க்கின்றன, அடியில் ஒரு கருநிழல் படிகிறது. அவற்றைத் தேடிப் பல்லி நுழைகிறது. மஞ்சள் ஒளி பல்புக்கு வரும் பூச்சிகள் நீலம் கலந்த வெள்ளை பல்புக்கு வருபவற்றைவிடக் குறைவு. கழுத்தில் ரப்பர் வளையம் வைத்த டூமுக்குள் நுழைபவை இன்னும் குறைவு.

இனி ஏற்றம். ஸ்விட்சை அணைத்துவிட்டு ஏறுவது பரவலான வழக்கம், அது போதாது. ஸ்விட்ச் பேஸில் இல்லாமல் நியூட்ரலில் கொடுத்திருந்தால், அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும். அணைத்த எல்இடி பல்பு இரவில் மங்கலாக மினுங்கினால் இந்தச் சந்தேகம் வர வேண்டும். மெயினை இறக்கினாலும் ஆய்வு முடிவதில்லை. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில், மெயின் போன அதே நொடியில் அது கடமை உணர்ச்சியோடு விளக்குச் சுற்றுக்கு உயிர் கொடுத்துவிடும். ஆகவே மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் நிறுத்த வேண்டும். டெஸ்டரை மின்சாரம் இருக்கும்போதே ஒரு பிளக்கில் வைத்து எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு, நிறுத்தியபின் ஒவ்வொரு வயரையும் தொட்டுப் பார்க்க வேண்டும். சிவப்பு பேஸ், கருப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது ஏட்டு வழக்கு. வயர் இழுத்த அன்று கையில் இருந்த நிறமே உள்ளே ஓடியிருக்கவும் கூடும். விளக்கின் அடித்தட்டு உலோகமாக இருந்து அதில் எர்த் திருகும் இருந்தால், பச்சை வயரை அதில் கட்டாயம் மாட்ட வேண்டும். வெறும் டேப் சுற்றிய முறுக்கைவிட கனெக்டர் நம்பகமானது. வயரிங் விவகாரம் புரியாத இடத்தில் உரிமம் பெற்ற வயர்மேனை அழைப்பதே ஆய்வு நெறி.

கான்கிரீட்டில் துளையிடும்போது, தளத்தில் பதித்த வயர்ப் பெட்டியிலிருந்து பைப் ஓடும் திசையைத் தவிர்த்து டிரில்லைப் பிடிக்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் அடியைத் துளைத்து பிட்டில் மாட்டிக்கொண்டால், கண்ணில் விழவேண்டிய தூள் அதில் விழும். இருந்தாலும் கண்ணுக்குக் கண்ணாடி தேவை. ஃபால்ஸ் சீலிங்கில் ஜிப்சம் பலகை தன்னைத் தாங்கவே பிறந்தது. விளக்கின் பாரம் மேலே உள்ள சேனலுக்கோ தளத்துக்கோ போய்ச்சேர வேண்டும்.

பணிக்கு இருவர் தேவை. மேலே நிற்பவர் வேலை செய்வார். கீழே நிற்பவர் ஸ்டூலைப் பிடிக்க வேண்டும். நடைமுறையில் அவர் ஒரு கையால் ஸ்டூலைப் பிடித்து, மறு கையால் போன் பேசி, இடையிடையே “இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்” என்கிறார். கழற்றிய திருகுகளை வாயில் கவ்விக்கொள்வது தொன்மையான முறை. சட்டைப்பை அதைவிடப் பாதுகாப்பு. சாப்பாட்டு மேசைமேல் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஏறுவது எந்தச் சூழ்நிலையிலும் ஏற்கத்தக்கதல்ல.

கழுவும்போது பக்கெட்டின் அடியில் பழைய துண்டை விரிக்க வேண்டும். சோப்பு நீர் பட்ட டூம் வழுக்கும்; விரிசல்களில் பல, கூரையிலிருந்து விழுந்ததால் அல்ல, குழாயில் இடித்ததால் உண்டானவை. ஈரம் முழுக்கக் காய்ந்தபின் மாட்ட வேண்டும். உடைந்த கண்ணாடியைத் தடித்த தாளில் சுற்றி, மேலே ‘கண்ணாடி’ என்று எழுதி, தூய்மைப் பணியாளர் கையில் தனியாகத் தர வேண்டும். ஒரே மாதிரி டூம்களை வாங்குபவர், மாடல் நின்றுபோவதற்குள், தேவைக்கு மேல் ஒன்று வாங்கி, பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் வைப்பது வழக்கில் உள்ளது. எந்தப் பரண் என்பதை யாராவது ஒருவர் எழுதி வைத்திருக்க வேண்டும்.