கப்பலில் ஒளிந்த டாலியா

கேள்வி: டிக்கெட் எடுக்காமல் கப்பலில் ஒளிந்துகொள்ளும் ஒரு பெண், அவளைக் கேப்டன் கண்ணில் படாமல் மறைக்கும் மாலுமிகள். 1964இல் வந்த ‘டாலியாவும் மாலுமிகளும்’ என்ற ஹீப்ரு படத்தில் இதற்கு மேல் சரக்கு ஏதும் உண்டா, இல்லை கதையும் டிக்கெட் எடுக்காமல்தான் ஏறியதா?

பதில்: சரக்கு கப்பலின் அடித்தட்டில் இருக்கிறது. பெற்றோரோடு கனடாவுக்குப் போய்விட்ட இஸ்ரேலியப் பெண் டாலியா. ஊர் ஞாபகம் தாங்காமல் ஓர் இஸ்ரேலியக் கப்பலில் ஒளிந்து திரும்புகிறாள். இந்தக் கதையை அன்றைய இஸ்ரேலியரின் காதால் கேட்க வேண்டும். ஹீப்ருவில் இஸ்ரேலுக்குக் குடிவருவதற்கு ‘அலியா’ என்று பெயர், பொருள் ஏறுதல். நாட்டை விட்டுப் போவது ‘யெரிதா’, அதாவது இறங்குதல். போனவர்களைப் பற்றிய தீர்ப்பை மொழியே எழுதி வைத்திருக்கிறது. ஆகவே இது இறங்கிய பெற்றோரின் மகள் தானாகவே ஏறி வரும் கதை. இதற்கும் அடியில் இன்னொரு நினைவு உண்டு. பிரிட்டிஷ் ஆட்சி பாலஸ்தீனத்துக்குள் யூதர்களின் வரவைக் கட்டுப்படுத்தியபோது, ஓட்டைக் கப்பல்களில் அனுமதியின்றி வந்தவர்கள் பல்லாயிரம் பேர். 1942 பிப்ரவரியில் கருங்கடலில் ‘ஸ்ட்ரூமா’ மூழ்கி எழுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பிழைத்தவர் ஒரே ஒருவர். 1947இல் ‘எக்ஸோடஸ்’ கப்பலில் வந்த நாலாயிரத்து ஐந்நூறு பேரை, பெரும்பாலோர் ஹிட்லரின் இன அழிப்பிலிருந்து தப்பியவர்கள் என்று தெரிந்தும், பிரிட்டன் ஜெர்மனிக்கே திருப்பி அனுப்பியது. தமிழில் ‘கள்ளத்தோணி’ ஏச்சுச் சொல். ஹீப்ருவில் அப்படி வந்தவருக்கு ‘மஅபில்’ என்ற வேதாகமச் சொல்லை எடுத்துச் சூட்டினார்கள். அது கௌரவப் பட்டம். பதினேழே ஆண்டுகளில், அதே ஒளிதலை வைத்துக் கொட்டகையில் சிரிக்க முடிந்திருக்கிறது என்றால், அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கத்தானே வேண்டும்? என் பதில் இது: ஒளிய வேண்டிய தேவை தீர்ந்துபோனதால் வந்தது. 1950இல் இயற்றிய ‘திரும்பி வரும் உரிமைச் சட்டம்’ எந்த நாட்டு யூதருக்கும் கதவைத் திறந்துவிட்டது. டாலியாவைத் துரத்தப் போர்க்கப்பல் இல்லை, முள்வேலி முகாம் இல்லை. மிஞ்சிப் போனால் கேப்டன் சத்தம் போடுவார். உயிர்ப்பயம் விலகிய இடத்தில்தான் கண்ணாமூச்சி ஆட முடியும்.

கேள்வி: மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறீர்களே! இயக்குநர் மெனாஹெம் கோலான் வசூலை நம்பியவர். பின்னாளில் ஹாலிவுட்டில் ‘கேனன்’ நிறுவனத்தை வாங்கி அடிதடிப் படங்களாக எடுத்துத் தள்ளிய மனிதர். அவர் போய்க் கடலுக்கு அடியில் சரித்திரம் பதுக்கினாரா?

பதில்: அவர் பதுக்கினார் என்று நான் சொல்லவில்லை. வசூலை நம்புகிறவர் பார்வையாளர் மனத்தில் ஏற்கெனவே இருப்பதைத்தான் தொடுவார். அதனால் உங்கள் ஆட்சேபம் என் பக்கமே சேர்கிறது. கலைஞன் தன் மனத்தைக் காட்டலாம், வியாபாரி ஊர் மனத்தைக் காட்டியே ஆக வேண்டும். அதே 1964இல் கோலான் தயாரித்து எஃப்ரைம் கிஷோன் இயக்கிய ‘சல்லாஹ் ஷபாட்டி’யையும் பாருங்கள். அதில் குடியேறி வந்தவன் தற்காலிகக் குடிசை முகாமில் மாட்டிக்கொண்டு அதிகாரிகளை ஆட்டி வைக்கிறான். ஆஸ்கர் பரிந்துரை வரை போன படம் அது. 1955இல் வந்த ‘குன்று 24 பதில் தரவில்லை’ போன்ற முந்தைய இஸ்ரேலியப் படங்களில் நாட்டுக்கு வருவதும் அதற்காகச் சாவதும் புனிதச் சடங்கு. ஒன்பது ஆண்டுகள் கழித்து அந்த வருகையே வேடிக்கைக்குப் பொருளாகிறது. ஒரே ஆண்டில், ஒரே மனிதரின் கைபட்டு, இரண்டு படங்களில் அது நடந்ததைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ‘டாலியா’ பெரிய கலைப்படைப்பு என்று நான் வாதாடவில்லை. ‘சல்லாஹ்’வின் கூர்மை அதில் கிடையாது. ஆனால் அதில் நடித்த ஷைக்கே ஓஃபிர் சாமானியர் அல்ல. பாரிஸில் மார்செல் மார்சோவோடு ஊமைக்கூத்துப் பயின்றவர். பின்னாளில் இஸ்ரேலியப் பாட்டின் குரலாகவே ஆகிவிட்ட அரிக் ஐன்ஸ்டைனும் அதே கப்பலில் இருக்கிறார். நாட்டின் சிறந்த சிரிப்பும் குரலும் இந்த விளையாட்டுக்கு வந்து சேர்ந்தன என்பதும் ஒரு சாட்சியம்தான்.

கேள்வி: கடைசியாக ஒன்று. அந்தக் கடல் எல்லாருக்கும் சிரிப்பு மூட்டியதா?

பதில்: இல்லை. என் வாதத்துக்கு வரக்கூடிய வலுவான மறுப்பு இதுதான். இதை நான் ஒதுக்க மாட்டேன். 1948 ஏப்ரலில் ஹைஃபாவிலிருந்தும் யாஃபாவிலிருந்தும் அரபுக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் படகேறிப் போயின. அவ்வாண்டுப் போரில் வீடிழந்த பாலஸ்தீனர் ஏழு லட்சம் அளவில். திரும்பி வரும் உரிமைச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. அனுமதியின்றி வந்தால் ‘ஊடுருவியவர்’. 1954இல் அதைத் தடுக்கத் தனிச் சட்டமே பிறந்தது. ஒளிதல் வேடிக்கையாவதற்குத் திரும்பி வரும் உரிமைச் சட்டம் காரணம் என்றேன். அதே சட்டம் யாருக்கு அந்த வேடிக்கை இல்லை என்பதையும் சொல்கிறது. இதனால் டாலியாவின் ஏக்கம் பொய்யாகிவிடாது. பிறந்த ஊருக்காக ஒரு பெண் கடல் கடக்கத் துணிவது எனக்கு இன்றும் உருக்கமாகத்தான் இருக்கிறது. யாஃபாவில் பிறந்து பெய்ரூத்தில் வளர்ந்த இன்னொருத்திக்கும் அதே ஏக்கம் இருந்திருக்கும். அவள் ஒளிந்து வந்திருந்தால், மாலுமிகள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், கேப்டன் அவளைத் துறைமுகக் காவலரிடம்தான் ஒப்படைத்திருக்க வேண்டும்.