காப்பியைக் குறைச்சுக்கோம்மா!

பழனிமலையின் கீழ்மலைப் பகுதியில், தாண்டிக்குடிக்கும் பண்ணைக்காட்டுக்கும் நடுவே ஏதோ ஒரு காப்பித் தோட்டத்தில், ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி பழம் பறித்துக்கொண்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளை நினைத்து உலகம் தூங்காமல் கிடக்கிறது. ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனம் கவலைப்படுகிறது. ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கவலைப்படுகிறது. வாஷிங்டனிலும் லண்டனிலும் மகப்பேறு நிபுணர்கள் கூடிக் கூடிக் கவலைப்படுகிறார்கள். கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு பெரிய முடிவை அவள் கையிலேயே விட்டுவிட்டார்கள்: காப்பி குடிக்கலாமா, வேண்டாமா? மது அருந்தலாமா, கூடாதா?

என்ன பெருந்தன்மை! மற்ற முடிவுகளை எடுக்கும் சிரமத்தை அவளுக்கு யாரும் வைக்கவில்லை. எந்தச் சரிவில் ஏறுவது, எத்தனை கிலோ பறிப்பது என்பதைக் கங்காணி பார்த்துக்கொள்வார். பேறுகால விடுப்பு உண்டா என்பதைத் தோட்டத்துப் பேரேடு பார்த்துக்கொள்ளும். வாரக்கூலியில் எவ்வளவு வீடு வந்து சேரும் என்பதை, நண்பகல் 12 மணிக்குக் கதவு திறக்கும் அரசுக் கடை பார்த்துக்கொள்ளும். வலி எடுத்தால் ஆஸ்பத்திரிக்கு எப்போது போய்ச் சேர்வாள் என்பது மழையின் பொறுப்பு. மிச்சம் இருப்பது ஒரு டம்ளர் வரக்காப்பி. அதில் அவள்தான் ராணி.

அந்த டம்ளரையும் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்துவிடலாம். விடியுமுன் அடுப்பில் ஏறும் தண்ணீர், இரண்டு கரண்டி சர்க்கரை, கடையில் வாங்கிய சின்னப் பாக்கெட்டில் பாதித் தூள். பால் கிடையாது. ஆறரை மணிக்குப் பேர் கொடுக்கப் போக வேண்டும். சோறு பொங்க நேரமில்லை, பொங்கினாலும் இறங்காது. அந்தச் சூடான கறுப்புத் தண்ணீர்தான் காலைச் சாப்பாடு. பத்து மணிக்குப் பசி திரும்பவும் வந்து நிற்கும்போது தூக்குவாளியில் இருந்து இன்னொரு டம்ளர். இதற்குக் காப்பிப் பழக்கம் என்று பெயர் வைத்திருக்கிறோம். பட்டினிப் பழக்கம் என்று வைத்திருந்தால் யாராவது பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

"ஏம்மா, ரத்தம் ஒம்பதுகூட இல்லையே. காப்பி குடிக்கிறியா?" என்பார் நர்ஸம்மா.

"வரக்காப்பிதாம்மா. ரெண்டு வேளை."

"குறைச்சுக்கோ. மாத்திரையும் காப்பியும் சேரக் கூடாது."

நர்ஸம்மா சொன்னதில் தப்பே கிடையாது. அவரும் நாலு ஊருக்கு ஒற்றை ஆளாய் மலையேறி இறங்குகிறவர்தான். காஃபீன் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையிடம் போகிறது. அதைச் செரித்து வெளியேற்றும் வசதி பிள்ளையின் உடம்பில் இன்னும் வரவில்லை. மற்ற நாளில் நாலைந்து மணி நேரத்தில் பாதியாகக் குறைகிற காஃபீன், கடைசி மாதங்களில் தாயின் உடம்பிலேயே பாதியாகப் பதினைந்து மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும். நாளுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் குடிக்கும் கர்ப்பிணிகள் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016ல் சொன்னது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் 2010லேயே 200க்குள் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். 150 மில்லி டிகாக்ஷன் காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம், இன்ஸ்டன்ட் என்றால் 50 முதல் 65 என்று ஐதராபாத்துக்காரர்கள் 2024 வழிகாட்டியில் கணக்கும் கொடுத்திருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காப்பி வேண்டாம், இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆக, ஒன்றிரண்டு கப் போதும், மாத்திரையோடு வேண்டாம். விஷயம் இவ்வளவுதான்.

ஆனால் பறிக்கிறவளின் டம்ளருக்கு இந்தக் கணக்கு அதிகப்படி மரியாதை. அவள் கையில் பறிபடுவது அரபிகா. முதல் தரம் மலையிறங்கிப் போய்விடுகிறது. அவள் டம்ளருக்கு வருவது சிக்கரி கலந்த தூள். நூற்றில் 49 பங்கு வரை சிக்கரி சேர்க்கச் சட்டமே இடம் கொடுக்கிறது, சிக்கரியில் காஃபீன் கிடையாது. சர்க்கரைத் தண்ணீரில் அந்தத் தூளைக் கண்ணில் காட்டி எடுத்தால் 200 மில்லிகிராம் எங்கே வரும்? வறுமை அவள் பிள்ளையைக் காஃபீனிடமிருந்து காப்பாற்றிவிட்டது. இதையும் ஒரு நலத்திட்டமாக அறிவித்துப் படம் போட்டு ஒட்டிவிடலாம்.

ரத்தம் ஏன் ஒன்பதுகூட இல்லை என்பதற்குக் காப்பி மட்டும் காரணமாக இருந்தால் நன்றாகத்தான் இருக்கும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ரத்தசோகை. பாதி மாநிலமும் காப்பியால் வெளுத்ததா? இல்லை, தட்டில் ஒன்றும் விழாததால் வெளுத்ததா? முதல் கேள்விக்கு ஒரு துண்டறிக்கை போதும். இரண்டாவதற்குக் கூலியை உயர்த்த வேண்டும். எது சுலபம் என்று அரசாங்கத்துக்குத் தெரியும்.

சரி, மதுவுக்கு வருவோம். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. கர்ப்ப காலத்தில் இவ்வளவு குடித்தால் பரவாயில்லை என்று ஒரு அளவு கிடையாது. 1973ல் சியாட்டிலைச் சேர்ந்த டேவிட் ஸ்மித்தும் கென்னத் ஜோன்ஸும் அதற்கு ஒரு நோய்ப்பெயர் வைப்பதற்கு முன்பே, 1968ல் பிரான்ஸின் நாந்த் நகரத்தில் பால் லெமுவான் என்ற மருத்துவர் குடித்த தாய்மாரின் பிள்ளைகளைப் பற்றி எழுதிவிட்டார்: சிறுத்த தலை, வளராத உடம்பு, வாழ்நாள் முழுக்கத் தேறாத மூளை. 2013ல் எமிலி ஆஸ்டர் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர், எப்போதாவது ஒரு கிளாஸ் வைன் தப்பில்லை என்று புத்தகம் போட்டு நன்றாக விற்றார். கொடைக்கானலில் பிரசவத்துக்கு முந்தைய ஓய்வு என்று சொல்லி, பனிமூட்டத்தில் படம் எடுத்துக்கொள்ள வரும் நகரத்துத் தம்பதிகளுக்கு அது உபயோகமான விவாதம். அவர்களுக்கு விவாதிக்க வைன் இருக்கிறது.

தாண்டிக்குடிக்காரிக்கு? அதே கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மது குடிக்கும் பெண்கள் நூற்றுக்கு அரைப்பேர்கூட இல்லை. குடிக்கும் ஆண்கள் நாலில் ஒருவர். குடிக்காதவளிடம் போய்க் குடிக்காதே என்று உபதேசம் செய்வதில் நமக்கு இருக்கும் உற்சாகத்துக்கு ஈடே கிடையாது. வெளியூரிலும் இதே கூத்துதான். அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2016ல், உடலுறவில் ஈடுபட்டுக் கருத்தடை முறை பின்பற்றாத பெண்கள் குடிக்க வேண்டாம் என்றது. 2021ல் உலக சுகாதார நிறுவனத்தின் வரைவு ஒன்று, பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்களையே மதுவிலிருந்து காக்க வேண்டிய பட்டியலில் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டது. பெண் என்றால் நடமாடும் கர்ப்பப்பை, ஆண் என்றால் வாடிக்கையாளர்.

அவள் வாயால் குடிக்காத சாராயம் அவள் வயிற்றுக்கு வேறு வழியில் வந்து சேர்கிறது. அடிக்கடி போதையில் வீடு திரும்பும் கணவன் வாய்த்த இந்தியப் பெண்களில் பத்துக்கு ஏழு பேர் அடியோ பாலியல் வன்முறையோ பட்டவர்கள். குடிக்காதவனைக் கட்டியவர்களில் அது நாலில் ஒருவருக்கும் குறைவு. இதுவும் அதே கணக்கெடுப்புதான். வயிற்றில் விழும் ஒரு உதை நஞ்சுக்கொடியைக் கர்ப்பப்பையிலிருந்து பிய்த்துவிடும். உதைக்கு எத்தனை மில்லிகிராம் வரை பாதுகாப்பு என்று எந்த வழிகாட்டியிலும் போடவில்லை.

பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல் கொண்டுவந்த விதிப்படி அதில் எச்சரிக்கை இருக்கிறது: மது உடம்புக்குக் கேடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே. கர்ப்பிணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பக்கத்துப் பெட்டிக்கடையில் காஃபீன் கலந்த எனர்ஜி டிரிங்க் டப்பா ஒன்றை எடுத்துப் பாருங்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஏற்றதல்ல என்று அதே ஆணையத்தின் விதிப்படி அச்சடித்திருக்கும். காஃபீனுக்குக் கர்ப்பிணி ஞாபகம் வருகிறது, சாராயத்துக்கு வண்டிதான் ஞாபகம் வருகிறது! குடித்துவிட்டு வண்டியைத் தொடாதே என்று எழுத இடம் கண்டுபிடித்தவர்களுக்கு, குடித்துவிட்டு அவளைத் தொடாதே என்று எழுத இடம் கிடைக்கவில்லை.

கொடுக்கல் வாங்கல் கணக்கையும் முடித்துவிடுவோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்கு அரசு தருவது 18,000 ரூபாய். அதில் 14,000 தவணை தவணையாகப் பணம். மீதி 4,000க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். பேரீச்சம்பழம், நெய், சத்துமாவு, இரும்புச்சத்து டானிக் எல்லாம் உண்டு. நல்ல திட்டம், சந்தேகமில்லை. இப்போது அவள் புருஷன் பக்கம் வாருங்கள். இருப்பதிலேயே மலிவான குவார்ட்டர் 2024 பிப்ரவரியில் 140 ரூபாய் ஆனது. நாளுக்கு ஒன்று வீதம், பத்து மாதக் கர்ப்பத்தை 270 நாள் என்று வைத்துக்கொண்டால் 37,800 ரூபாய். மனைவியின் கையில் 18,000 கொடுத்து, கணவனின் சட்டைப்பையிலிருந்து அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் எடுத்துக்கொள்கிறது அரசாங்கம். 2024-25ல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது 48,344 கோடி. டாஸ்மாக்கைப் பார்த்துக்கொள்ளும் துறைக்கு மதுவிலக்கு என்று பெயர் வைத்த மகானைத் தேடிப்பிடித்து ஒரு மாலை போட வேண்டும்.

இந்தத் துறைக்கும் ஈரம் உண்டு, சொல்லாமல் விடக் கூடாது. காட்டில் கிடக்கும் பாட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது என்று உயர் நீதிமன்றம் தலையில் குட்டியபின், 2022ல் நீலகிரியில் தொடங்கி மலைப்பகுதிகளில் காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் 10 ரூபாய் கொடுக்கிறார்கள். யானைக்கு நல்ல காலம். பாட்டிலைத் திருப்பி எடுத்துக்கொள்கிற கடை, குடித்தவனைத் திருப்பி எடுத்துக்கொள்வதில்லை. அவன் புறப்பட்ட வீட்டுக்கே டெலிவரி.

கர்ப்பிணியின் உடம்பில் என்ன சேரலாம் என்று இவ்வளவு நுணுக்கமாக அளக்கும் நாடு, கொடைக்கானலில் ஒருமுறை அளக்க மறந்துவிட்டது. நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் வேண்டாம் என்று மூடிய தெர்மாமீட்டர் ஆலை 1980களில் இங்கே வந்து இறங்கியது. பின்னாளில் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7 டன்னுக்கு மேல் குவிந்து கிடந்ததை 2001 மார்ச்சில் ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ்காரர்களும் காட்டிக்கொடுத்த பிறகுதான் ஆலைக்குப் பூட்டு விழுந்தது. பாபா அணு ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகள் 2006ல் வெளியிட்ட ஆய்வில் கொடைக்கானல் ஏரித் தண்ணீரிலும் சேற்றிலும் மீனிலும் பாதரசம் இருந்தது. பாதரசம் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும் என்பது ஜப்பானின் மினமாட்டாவில் எப்போதோ தெரிந்துபோன சங்கதி. அங்கே பெரிதாக ஒன்றும் ஆகாத தாய்மார் கைகால் விளங்காத பிள்ளைகளைப் பெற்றார்கள். ஏரி மீனைக் குறைச்சுக்கோம்மா என்று மூஞ்சிக்கல்லில் எந்தக் கர்ப்பிணியிடமாவது எவராவது வந்து சொன்னார்களா? ஆலையால் யாருடைய உடம்புக்கும் கெடுதல் இல்லை என்றே கம்பெனி கடைசிவரை சொன்னது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் சமரசம் செய்துகொண்டது. அதே கம்பெனிதான் ப்ரூ காப்பியும் விற்கிறது. ஆகவே காப்பி விஷயத்தில் கர்ப்பிணி ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

தோட்டத்துக் கர்ப்பிணிக்குச் சட்டம் இல்லையா என்று கேட்காதீர்கள், தாராளமாக இருந்தது. 5 ஹெக்டேர் நிலமும் 15 வேலையாட்களும் இருந்தால் அது தோட்டம், அங்கே தோட்டத் தொழிலாளர் சட்டம் உண்டு என்று 2025 வரை இருந்தது. 80 நாள் வேலை பார்த்திருந்தால் பேறுகால விடுப்பும் உண்டு. 2017ல் அதை 26 வாரமாகவும் ஆக்கினார்கள். பேரேட்டில் பதினாலு பேரோடு எண்ணிக்கை நின்றுபோன தோட்டங்களும், எழுபத்தொன்பதாம் நாளோடு பெயர் மறைந்துபோகும் பேரேடுகளும் கணிதத்தில் ஆராயத்தக்கவை.

வட்டக்கானலுக்குக் கீழே வெள்ளகவி என்று ஒரு ஊர். கொடைக்கானலைவிடப் பழைய ஊர். தலைமுறை தலைமுறையாக அங்கே வலி எடுத்தவளை டோலி கட்டித்தான் தூக்கிப் போனார்கள். அதே ஒற்றையடிப் பாதையில் இப்போது மலையேற்றத்துக்கு வரும் இளைஞர்கள் வழியெல்லாம் இயற்கையை வியந்தபடி இறங்குகிறார்கள். அந்தப் பாதையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போகிறவளுக்கும் நாம் சொல்ல வைத்திருப்பது காப்பி உபதேசம்தான்.

என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. அரசுக்குச் செலவும் இல்லை. கர்ப்பம் என்றதும் ஒவ்வொருத்தியையும் அரசின் கர்ப்பிணிப் பதிவேடான பிக்மியில் பதிவு செய்து ஒரு எண் கொடுக்கிறோம்; அந்த எண் இல்லாமல் நிதியுதவி கிடையாது. டாஸ்மாக் கடைகளிலோ பாட்டிலை ஸ்கேன் செய்து பில் போடும் கருவி வந்திருக்கிறது. இரண்டையும் இணைத்துவிடுங்கள். எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாளோ அந்த வீட்டுக்காரன் கவுன்ட்டரில் வந்து நின்றால் திரையில் சிவப்பு விளக்கு எரியட்டும்: பத்து மாதத்துக்கு இவருக்குச் சரக்கு இல்லை. மிச்சப்படும் 37,800 ரூபாய்க்கு அவள் முட்டையும் பாலும் கீரையும் வாங்கித் தின்றுவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்து ஒரு டம்ளர் நல்ல டிகாக்ஷன் காப்பி குடிக்கட்டும்.

நடக்காது என்று எனக்கும் தெரியும். வருமானம் போய்விடுமே என்று வெளியில் சொல்ல மாட்டார்கள்; அதைவிடக் கௌரவமான காரணம் ஒன்று வைத்திருப்பார்கள். கடைசியாக எந்தத் தேதியில் தூரமானாய், இது எத்தனையாவது, முன்னால் கலைந்தது எத்தனை, ரத்தம் எவ்வளவு, எடை எவ்வளவு, எத்தனை டம்ளர் காப்பி குடிக்கிறாய் என்று அவளிடம் கேட்டுக் கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றலாம். நேற்று ராத்திரி எத்தனை குவார்ட்டர் என்று அவனிடம் கேட்பது மட்டும் தனிமனித அந்தரங்கத்தில் தலையிடுவதாகும்.