கரு வளரும் முறை

முடிவைத் தீர்மானித்த பிறகே பேனாவைத் தொட வேண்டும் என்று 1846-லேயே எழுதிவைத்தார் எட்கர் ஆலன் போ. பாவம், தீபாவளி மலரை அவர் கண்டதில்லை.

நம் சிறுகதைக் கருவுக்கு அந்தப் பிடிவாதமெல்லாம் கிடையாது. முதல் பத்தியில் தஞ்சாவூர்ப் பக்கம் பம்புசெட் பழுதாகி நாற்று வாடுகிறது. பண்டிகை நேரத்தில் வாடிய நாற்று எதற்கு? இரண்டாம் பத்தியில் விவசாயி வங்கி மேலாளராகிறார். எழுதிவிட்ட பம்புசெட்டை வீணாக்கலாமா? அவர் வீட்டு மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறது. அடுத்து காதல் வேண்டும். கடன் கேட்டு ஒருத்தி வருகிறாள். அதற்குள் ஆசிரியர் குழுவிலிருந்து போன்: “சார், நகைக்கடை விளம்பரம் அரைப் பக்கம் வந்திடுச்சு. கொஞ்சம் சுருக்கிடுங்க.” அடுத்த வரியிலேயே கதாநாயகிக்கு மாரடைப்பு. என்ன ஒரு சொற்சிக்கனம்!

கதை வெளிவந்தது. மண்ணிழந்த மனிதனின் ஆழ்மனக் குறியீடுதான் அந்தப் பம்புசெட் என்று விமர்சகர் ஒருவர் ஆறு பக்கம் எழுதினார். அதில் ஒரு வரியும் வெட்டுப்படவில்லை.

ஆகவே இளம் எழுத்தாளர்களே, கருவைத் தேடி ஊர் ஊராக அலையாதீர்கள். விளம்பரப் பிரிவில் விசாரியுங்கள்.