உதட்டுக்குள்ள ஒரு கள்ளச்சாவி

வா பேராண்டி, திண்ணையில உக்காரு. கீழுதடு ஏன் ஒருபக்கமா வீங்கியிருக்கு? குளவி கொட்டிருச்சா? பள்ளிக்கூடம் விட்டதும் தினம் ஒரே இடத்துல கொட்டுதே, ஒழுக்கமான குளவிதான்!

கோவிச்சுக்காத. குட்காவையும் மெல்லுற புகையிலையையும் 2013-லயே தமிழ்நாட்டுல தடை பண்ணிட்டாய்ங்க. உன் கடைக்காரனுக்கு மட்டும் சேதி இன்னும் வந்து சேரலபோல.

நம்ம சோழவந்தான் வெத்தலைக்கு 2023-ல புவிசார் குறியீடு குடுத்தாச்சு. கொடிக்கால்ல வளந்த பய, உனக்குத் தெரியாததா? கொடிக்கு ஈரம் வேணும், தண்ணி தேங்கக்கூடாது. தேங்குனா வேரழுகி, அகத்தியைப் புடிச்சமேனிக்கே வாடிரும். மண்டைக்குள்ளயும் அதே கதைதான்னு மதுரையில டாக்டரம்மா சொன்னாக. டோபமின்னு ஒரு சரக்காம். மூளைக்குள்ள அது சேதி கொண்டுபோறதைக் கண்டு சொன்ன ஸ்வீடன்காரரு கார்ல்சனுக்கு 2000-ல நோபல் பரிசே குடுத்திருக்காய்ங்க. கபடியில ஜெயிச்சா மடை கொஞ்சம் திறக்கும், பாயும், வடிஞ்சிரும்.

உன் உதட்டுக்குள்ள இருக்கிற நிக்கோட்டின் கள்ளச்சாவி. வேற சரக்குக்குச் செஞ்ச பூட்டுல நுழைஞ்சு மடையைத் தூக்கி விட்டுரும். கோக்கைன் வடிகாலை அடைக்கும். மெத்தாம்ஃபெட்டமின்னு ஒன்னு, கரையவே உடைக்கும். வயலும் மிதக்கும், நீயும் மிதப்ப. ஆனா மூளை பழுத்த சம்சாரிடா. நாலு நாள் வெள்ளத்தைப் பாத்ததும் வாமடையைச் சுருக்கிக்கிடும். அப்புறம் ஆத்தா வைக்கிற அயிரைமீன் குழம்பு சப்புன்னு இருக்கும், கபடியும் கசக்கும். பொட்டலம் வச்சாத்தான் பழைய ஆளாவே நடமாட முடியும். ஓசியில கிடைச்ச நிதானத்தைக் காசு குடுத்துத் திரும்ப வாங்குற யாவாரம்! நம்ம வெத்தலைத் தரகன்கூட இதுக்கு ஒத்துக்கிட மாட்டான்.

விட்டா முத மூணு நாள் யாரைப் பாத்தாலும் கடிக்க வருவ. பிறகு வாரத்துக்கு வாரம் தணியும். வாமடையும் மெதுவா அகலும்.

என்ன, என் சுருக்குப்பையவே பாக்குற? வெத்தலை நம்ம ஊருது, அதுமேல பழி போடாத. பாக்கு வந்து... சரி, அதுலயும் அரிக்கோலின்னு ஒன்னு சுறுசுறுன்னு ஏத்தும். 2004-லயே புத்துநோய் குடுக்கிற பட்டியல்ல பாக்கைச் சேத்துட்டாய்ங்க, அதுவும் தெரியும். அறுபது வருசப் பழக்கம், எனக்கும் வாமடை சுருங்கித்தான் கிடக்கு. அதுக்காக நீ உதட்டுக்குள்ள இருக்கிறதை முழுங்கிறாத, அங்கிட்டுப் போயித் துப்பிட்டு வா.

ஆமா, காலையில இருந்து தேடுறேன், பாக்குவெட்டியை எங்கடா ஒளிச்சு வச்ச?