நிசேயா பஞ்சாயத்து

கடவுள் வானத்தையும் பூமியையும் படைத்தார். இதில் நாலாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவர்களுக்குள் சண்டை இல்லை. ஒன்றுமில்லாததிலிருந்து படைத்தார் என்பதிலும் இல்லை. கண்ணுக்குத் தெரிவது, தெரியாதது எல்லாமே அவர் கைவேலை என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த நேரம் பார்த்து அலெக்சாந்திரியாவில் ஒரு வயதான பாதிரியார் எழுந்து, "படைத்தவர் பிதா. சரி. சுதன் எந்தப் பக்கம்? படைத்தவர் பக்கமா, படைக்கப்பட்டதன் பக்கமா?" என்ற வழக்கைக் கிளப்பினார். அன்றைக்குப் போன நிம்மதி திரும்பி வர அறுபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

பாதிரியாரின் பெயர் ஆரியுஸ். பெயரைப் பார்த்து நம்மூர்க்காரர்கள் யாரும் வேட்டியை மடித்துக் கட்ட வேண்டாம். அந்தச் சண்டைக்கும் இவருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஆள் லிபியாக்காரர் என்கிறார்கள். உயரமான, ஒட்டி உலர்ந்த உடம்பு. தேன் போன்ற குரல். நல்ல கூட்டம் சேர்ந்தது. சித்தாந்தத்தைப் புத்தகமாக மட்டும் எழுதினால் எவன் படிப்பான் என்று தெரிந்தவர். மாலுமிகளுக்கு ஒன்று, மாவரைப்பவர்களுக்கு ஒன்று, வழிப்போக்கர்களுக்கு ஒன்று என்று பாட்டுக் கட்டிவிட்டார். திரித்துவத்தைப் பற்றி ஆயர் வாயைத் திறப்பதற்குள் துறைமுகம் முழுக்க எதிர்க்கட்சிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அவருடைய கணக்கு சுலபம். மகன் என்றால் பிறந்தவர். பிறந்தவர் என்றால் பிறப்பதற்கு முன் இல்லாதவர். ஆகவே பிதா இருந்து சுதன் இல்லாத ஒரு நிலை இருந்தது. சுதன் சாதாரணப் படைப்பு இல்லை. முதல் படைப்பு, தலைசிறந்த படைப்பு, மற்ற எல்லாம் அவர் மூலமாகத்தான் உண்டாயின. இருந்தாலும் படைப்புத்தான். ஆதாரம் கேட்டால் நீதிமொழிகள் எட்டாம் அதிகாரத்தை எடுத்து நீட்டினார். அங்கே ஞானம், ஆதியில் ஆண்டவர் தன்னை உண்டாக்கியதாகச் சொல்கிறது. ஞானம் என்றால் கிறிஸ்து என்பதை எதிராளிகளும் ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல இடத்தில் பிடித்தார்.

ஆயர் அலெக்சாண்டருக்குக் கணக்கு பிடிக்கவில்லை. கடவுள் என்றைக்கும் பிதா என்றால் என்றைக்கும் சுதன் இருந்தாக வேண்டுமே. இல்லாவிட்டால் கடவுள் ஒருநாள் திடீரென்று அப்பா ஆனாரா? அவர் என்ன, மாறுகிறவரா? அலெக்சாண்டரின் இளம் உதவியாளர் அத்தனாசியுஸ் இதைவிடக் கூர்மையான கேள்வியைப் பின்னால் எழுதிவைத்தார்: படைக்கப்பட்டதைக் கும்பிடக் கூடாது என்றுதானே நம் ஆட்கள் ரோமச் சிலைகளுக்குத் தூபம் போட மறுத்துச் செத்தார்கள்? சுதனும் படைப்பு என்றால் ஞாயிற்றுக்கிழமை நாம் செய்வதற்கு என்ன பெயர்? அதோடு, கிணற்றில் விழுந்தவனை இன்னொரு விழுந்தவன் எப்படித் தூக்குவான்? என்னைக் கேட்டால் தர்க்கத்தில் ஆரியுஸ் சுத்தம், விஷயத்தில் அத்தனாசியுஸ் ஆழம். அன்றைக்கு யாரும் என்னைக் கேட்கவில்லை. அலெக்சாண்டர் எகிப்து, லிபியா ஆயர்கள் சுமார் நூறு பேரைக் கூட்டி ஆரியுஸைச் சபையை விட்டுத் தள்ளினார். தள்ளப்பட்டவர் சும்மா இருப்பாரா? வடக்கே போய் நிக்கொமேதியா ஆயர் யுசேபியுஸ் வீட்டுக் கதவைத் தட்டினார். யுசேபியுஸ் அரண்மனை வட்டாரத்தில் செல்வாக்கு உள்ள ஆள். வழக்கு எகிப்தைத் தாண்டிவிட்டது.

இந்த நேரத்தில்தான் 324இல் கான்ஸ்டன்டைன் தன் மைத்துனர் லிசினியுஸைத் தோற்கடித்துப் பேரரசு முழுவதையும் ஒரு குடைக்கீழ் கொண்டுவந்தார். ஒரே பேரரசு, ஒரே பேரரசர், ஒரே கடவுள் என்று அழகாகக் கணக்குப் போட்டு வைத்திருந்த மனிதர். கிழக்கே வந்து பார்த்தால் அந்த ஒரே கடவுளின் குடும்ப விவகாரத்தில் ஆயர்கள் ஒருவர் குடுமியை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். உடனே இரண்டு தரப்புக்கும் சேர்த்து ஒரு கடிதம் எழுதி, ஸ்பெயினின் கொர்தோபா ஆயர் ஒசியுஸ் கையில் கொடுத்தனுப்பினார். கடிதத்தின் சாரம்: இது அற்ப விஷயம், வேலை இல்லாதவன் கிளப்புகிற கேள்வி, கேட்டதும் தப்பு, பதில் சொன்னதும் தப்பு, கை குலுக்கிக்கொண்டு என்னை நிம்மதியாகத் தூங்க விடுங்கள். கிறிஸ்தவத்தின் மையக் கேள்வியை இவ்வளவு அலட்சியமாகத் தள்ளிய மனிதர்தான் அதற்கு விடை காணும் பொதுச்சங்கத்தையும் கூட்டினார். அப்போது அவர் ஞானஸ்நானமே பெற்றிருக்கவில்லை.

முதலில் அங்கிராவில், அதாவது இன்றைய அங்காராவில், கூடுவதாக ஏற்பாடு. பிறகு நிசேயாவுக்கு மாற்றினார்கள். பேரரசர் சொன்ன காரணம், அங்கே காற்று நல்ல காற்று, மேற்கிலிருந்து வருகிறவர்களுக்கும் வசதி, தானும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது காரணம்தான் காரணம் என்பது நமக்குத் தெரியாதா?

325 கோடையில் ஆயர்கள் வந்து இறங்கினார்கள். வண்டி, குதிரை, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அரசுச் செலவு. இருபது வருஷம் முன்புதான் இதே அரசு டயோக்ளீஷியன் காலத்தில் இவர்களைப் பிடித்துச் சுரங்கத்துக்கு அனுப்பியது. எகிப்திலிருந்து வந்த பாப்னூசியுஸுக்கு ஒரு கண் இல்லை, பிடுங்கியிருந்தார்கள். நியோசெசாரியா பவுலின் கைகளைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டிருந்தார்கள். பேரரசர் அந்தக் கண்குழியை முத்தமிட்டார் என்று பின்னால் வந்த சரித்திரக்காரர்கள் எழுதினார்கள். கேலி பண்ண நினைக்கிற எனக்கே இந்த இடத்தில் கை வரவில்லை. அடுத்த வரிக்குப் போவோம்.

எத்தனை பேர் வந்தார்கள்? கூட இருந்த செசாரியா யுசேபியுஸ் 250க்கு மேல் என்கிறார். (இவர் வேறு யுசேபியுஸ். அந்தக் காலத்தில் கிழக்கே கல்லை விட்டெறிந்தால் ஒரு யுசேபியுஸ் மேல்தான் விழும்.) அத்தனாசியுஸ் சுமார் 300 என்கிறார். கடைசியில் சபை நிரந்தரமாக ஏற்றுக்கொண்ட எண் 318. ஆதியாகமத்தில் ஆபிரகாம் சண்டைக்குக் கூட்டிப்போன வேலைக்காரர்களின் எண்ணிக்கையும் அதேதான். வருகைப் பதிவேடு வேதாகமத்தோடு இவ்வளவு அழகாகப் பொருந்தினால் தலையை எண்ணியவர் யார் என்று கேட்கக் கூடாது. ரோமாபுரி ஆயர் சில்வெஸ்தர் வரவில்லை; இரண்டு குருக்களை அனுப்பினார். பின்னாளில் நடந்த எத்தனையோ கூட்டங்களைப் பார்க்கும்போது அவர் எடுத்தது புத்திசாலித்தனமான முடிவு.

தொடக்க நாளில் கான்ஸ்டன்டைன் ஊதா உடையில், பொன்னும் மணியும் ஜொலிக்க நடந்து வந்தார். பொன்னாலான சின்ன நாற்காலி போட்டிருந்தது. ஆயர்கள் உட்காரச் சொல்லும் வரை நின்றுகொண்டே இருந்தார். அடக்கமாம். லத்தீனில் ஒற்றுமையைப் பற்றிப் பேசினார், கிரேக்கத்தில் மொழிபெயர்த்தார்கள். ஆயர்கள் பேரரசரைப் பார்த்ததும் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? ஒருவர் மேல் ஒருவர் புகார் மனு கொடுத்தார்கள். கட்டுக் கட்டாக. பேரரசர் ஒன்றைக்கூடப் பிரிக்காமல் அத்தனையையும் நெருப்பில் போட்டார் என்று கதை. ரோமப் பேரரசின் வரலாற்றில் இதைவிடச் சிறந்த நிர்வாக முடிவை நான் படித்ததில்லை.

பிறகு சுதனை விவரிக்கிற வாசகத்தைத் தேடினார்கள். இங்கேதான் வேடிக்கை. "கடவுளிடமிருந்து வந்தவர் என்று போடுவோமா?" என்றால் ஆரியுஸ் கட்சி சந்தோஷமாகத் தலையாட்டியது, எல்லாமே கடவுளிடமிருந்துதானே வந்தது! "கடவுளின் வல்லமை?" அதற்கும் சரி, வேதாகமத்தில் வெட்டுக்கிளிப் படைக்கே ஆண்டவரின் வல்லமை என்று பேர் இருக்கிறதே! ஒவ்வொரு வாசகத்துக்கும் கல்யாணப் பேச்சில் சம்பந்திகள் ஜாடை காட்டிக்கொள்வது போல அவர்கள் கண் சிமிட்டிக்கொண்டதை அத்தனாசியுஸ் மறக்காமல் குறித்துவைத்திருக்கிறார். வேதாகமத்தில் இருந்து எதை எடுத்தாலும் இவர்கள் உள்ளே நுழைந்துவிடுகிறார்கள். எனவே வேதாகமத்தில் இல்லாத ஒரு சொல்லைத் தேடிப் பிடித்தார்கள்: ஹோமூசியோஸ். பிதா எந்தப் பொருளோ சுதனும் அதே பொருள். படைக்கப்பட்டவர் அல்ல. கண் சிமிட்ட இடமில்லாத சொல்.

அதில் ஒரு சின்னச் சிக்கல். இதே சொல்லை 268இல் அந்தியோக்கியாவில் ஒரு சங்கம் வேறொரு வழக்கில் ஒதுக்கித் தள்ளியிருந்தது. பரவாயில்லை, பேரரசருக்குப் பிடித்திருக்கிறது. அவரே முன்மொழிந்தார் என்று செசாரியா யுசேபியுஸ் எழுதுகிறார். அற்ப விஷயம் என்று சொன்ன அதே வாய்! அந்த யுசேபியுஸும் யோசித்து யோசித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஊர்ச் சபைக்கு ஒரு நீளமான கடிதம் எழுதினார். ஏன் போட்டேன், எந்த அர்த்தத்தில் போட்டேன், போட்டது போடாதது மாதிரிதான் என்கிற தோரணையில். தலைமை சொன்ன தீர்மானத்தில் கையெழுத்திட்டுவிட்டுத் தொகுதிக்கு விளக்கம் எழுதிய முதல் ஆள் இவராகத்தான் இருக்க வேண்டும்.

கடைசிவரை கையெழுத்துப் போடாதவர்கள் இரண்டே ஆயர்கள், இருவரும் லிபியாப் பக்கம்: செக்குந்துஸ், தெயோனாஸ். ஆரியுஸோடு சேர்த்து அவர்களையும் நாடு கடத்தினார்கள். ஆரியுஸின் நூல்களை எரிக்கவும், ஒளித்து வைத்தால் மரண தண்டனை என்றும் ஆணை வந்தது. ஆரியுஸின் கன்னத்தில் மைராவின் நிக்கோலாஸ், அதாவது நம் கிறிஸ்துமஸ் தாத்தா, ஓங்கி அறைந்தார் என்று ஒரு கதை உண்டு. அறை விழுந்ததாகச் செய்தி எழுதப்பட்டது ஆயிரம் வருஷம் கழித்து. ஆனாலும் சில சமயம் தாத்தாவை அப்படி நினைத்துப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

சங்கம் இருபது சட்டங்களும் இயற்றியது. தன்னைத்தானே காயடித்துக்கொண்டவர் குருவாகக் கூடாது என்பது முதல் சட்டம். முதலிடம் கொடுக்கும் அளவுக்கு அது நடந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். குருக்கள் வட்டிக்கு விடக் கூடாது. ஞாயிறு ஜெபத்தில் முழங்கால் போடக் கூடாது, நின்றுதான் ஜெபிக்க வேண்டும். பதினைந்தாவது சட்டம்: ஆயர்கள் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போகக் கூடாது. பெய்ரூட்டிலிருந்து நிக்கொமேதியாவுக்கு மாற்றலாகி வந்த யுசேபியுஸ் அங்கேயே உட்கார்ந்திருந்தார். பின்னாளில் கான்ஸ்டான்டிநோபிளுக்கும் மாறினார். இந்தச் சட்டத்தை நினைவில் வையுங்கள், திரும்ப வரும்.

கடைசியில் விருந்து. பேரரசர் பதவியேற்று இருபதாம் ஆண்டு. உருவிய வாளோடு நின்ற காவலர்களுக்கு நடுவே ஆயர்கள் பயமில்லாமல் பந்திக்கு நடந்தார்கள். கிறிஸ்துவின் ராஜ்யமே வந்துவிட்டது போல் இருந்தது என்று செசாரியா யுசேபியுஸ் உருகுகிறார். அடுத்த வருஷம், பிதாவும் சுதனும் ஒரே பொருள் என்பதற்கு மேடை போட்டுக் கொடுத்த கான்ஸ்டன்டைன், தன் மூத்த மகன் கிறிஸ்புஸைக் கொன்றார்.

சங்கம் முடிந்தது, சண்டை முடியவில்லை. சங்கத்துக்குப் பிறகு தானும் நாடு கடத்தப்பட்ட நிக்கொமேதியா யுசேபியுஸ், மூன்றே வருஷத்தில் வனவாசத்திலிருந்து அரண்மனைக்குத் திரும்பிவிட்டார். அலெக்சாந்திரியாவில் அத்தனாசியுஸ் ஆயரானார். இனி வனவாசம் அவர் முறை. மொத்தம் ஐந்து தடவை, நான்கு பேரரசர்கள் காலத்தில், சுமார் பதினேழு வருஷம். 335இல் தீர் நகரத்தில் அவர்மேல் கொலை வழக்கு. அர்சேனியுஸ் என்ற ஆயரைக் கொன்று, மந்திரம் செய்வதற்குக் கையை வெட்டிக்கொண்டாராம். சான்றாக ஒரு கையையே கொண்டுவந்து காட்டினார்கள். அத்தனாசியுஸ், போர்த்திக்கொண்டு வந்த ஒருவரை முன்னால் நிறுத்தி முகத்தைத் திறந்தார்: அர்சேனியுஸ், உயிரோடு. போர்வையை விலக்கி ஒரு கையைக் காட்டினார். கொஞ்சம் நிறுத்திவிட்டு அடுத்த கையையும் காட்டினார். "மூன்றாவது கையை எந்த இடத்திலிருந்து வெட்டினேன் என்று யாராவது காட்டுங்கள்" என்றார். இதை எழுதிவைத்த சரித்திரக்காரர் சொக்கிராத்தேஸ். விஷம் குடித்தவர் அல்ல, வேறு ஆள். இத்தனைக்குப் பிறகும் சங்கம் அத்தனாசியுஸைப் பதவி நீக்கியது. அவர் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளுக்கு ஓடிப் பேரரசரின் குதிரையைத் தெருவில் மறித்து நியாயம் கேட்டார். எதிராளிகள் கையைக் கைவிட்டு, தலைநகருக்கு வரும் எகிப்து கோதுமைக் கப்பலை நிறுத்துவதாக மிரட்டினார் என்று புதுப் புகார் கொடுத்தார்கள். வேதாந்தம் நிற்காத இடத்தில் கோதுமை நின்றது. அத்தனாசியுஸ் இன்றைய ஜெர்மனியில் இருக்கிற த்ரியருக்கு அனுப்பப்பட்டார்.

ஆரியுஸைத் திரும்பச் சபையில் சேர்க்கப் பேரரசர் 336இல் உத்தரவிட்டார். தலைநகர் ஆயர் கோயிலுக்குள் விழுந்து, ஒன்று என்னை எடுத்துக்கொள், இல்லாவிட்டால் ஆரியுஸை எடுத்துக்கொள் என்று வேண்டினாராம். சேர்க்கப்படுவதற்கு முந்திய நாள், கடைவீதிப் பக்கம் பொதுக் கழிப்பறைக்கு ஒதுங்கிய ஆரியுஸ் வெளியே வரவில்லை. கடவுள் தீர்ப்பு என்றது ஒரு கட்சி; பின்னாளில் சிலர் விஷம் என்றார்கள். ஒரு நூற்றாண்டு கழித்தும் ஜனங்கள் அந்தக் கழிப்பறையை விரல் நீட்டிக் காட்டிக்கொண்டு போனார்கள். மறு வருஷம் கான்ஸ்டன்டைனும் சாகக் கிடந்து அப்போதுதான் ஞானஸ்நானம் பெற்றார். கொடுத்தவர் நிக்கொமேதியா யுசேபியுஸ்.

அடுத்து வந்த மகன் கான்ஸ்டான்சியுஸ் காலத்தில் சங்கத்துக்கு மேல் சங்கம். 359இல் ரிமினியில் மட்டும் 400 ஆயர்களுக்கு மேல். அதே பொருள், ஒத்த பொருள், ஒத்தவர் மட்டும், ஒவ்வாதவர் என்று கட்சிகள் பெருகின. இவர்கள் ஓடி ஓடி அரசாங்க அஞ்சல் குதிரைகள் நொடித்துப் போயின என்று அம்மியானுஸ் என்ற பழைய மதக்காரர் அலுத்துக்கொண்டார். பின்னாளில் கான்ஸ்டான்டிநோபிளிலோ, நாணயம் மாற்றப் போனால் மாற்றுகிறவர் சுதனின் பிறப்பைப் பற்றிப் பேசுகிறார், ரொட்டி விலை கேட்டால் பிதா பெரியவர் என்கிறார், வெந்நீர் தயாரா என்றால் சுதன் ஒன்றுமில்லாததிலிருந்து வந்தவர் என்கிறார் என்று நீசாவின் கிரகோரி நொந்துகொண்டார். எனக்கு அந்த ரொட்டிக்காரரைப் பிடித்திருக்கிறது. விலையையும் சொல்லியிருக்கலாம்.

381இல் பேரரசர் தியோடோசியுஸ் கான்ஸ்டான்டிநோபிளில் இன்னொரு பொதுச்சங்கம் கூட்டினார். இன்று கத்தோலிக்கர் முதல் தென்னிந்தியத் திருச்சபையார் வரை நிசேயாவின் பெயரால் சொல்லுகிற விசுவாசப் பிரமாணம் இந்தச் சங்கத்தோடு சேர்ந்த விரிவான வடிவம். சங்கத்தின் தலைவராக இருந்தவர் தலைநகர் ஆயர் நசியான்சுஸின் கிரகோரி, திரித்துவத்துக்காக அந்த ஊரில் ஒற்றை ஆளாகப் பேசித் தீர்த்தவர். எகிப்திலிருந்து தாமதமாக வந்த ஆயர்கள் நிசேயாவின் பதினைந்தாவது சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். கிரகோரியை முன்பு சாசிமா என்ற புழுதி பறக்கிற ஊருக்கு ஆயராக நியமித்திருந்தார்களாம்; அதனால் இங்கே வந்தது மாற்றல். அவர் அங்கே ஒருநாளும் பொறுப்பு நடத்தியதில்லை. யாரும் கேட்கவில்லை. கிரகோரி ராஜினாமாவை நீட்டிவிட்டு ஊருக்குப் போய், ஆயர்கள் கூடுகிற இடத்துக்கு இனி வருவதில்லை என்று இருந்துகொண்டார்.

காலியான நாற்காலிக்குப் பேரரசர் நெக்தாரியுஸ் என்ற அரசு அதிகாரியைத் தேர்ந்தெடுத்தார். நல்ல மனிதர். ஒரே குறை, இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. அவசரமாக முழுக்குக் கொடுத்தார்கள். முழுக்குக்குப் போட்ட வெள்ளை உடுப்பைக் கழற்றுவதற்குள் தலைநகரின் ஆயர் என்று அறிவித்து, சங்கத்தின் தலைமை நாற்காலியிலும் உட்கார வைத்தார்கள்.