பரனூரை நாலரைக்குத் தாண்டியவர்

சித்திரைத் திருவிழாவுக்குச் சென்னையிலிருந்து மதுரைக்குக் காரில் வந்து இறங்குகிறவரிடம், "வாங்க மாப்ள, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டால், "நாலு மணிக்குத் தாம்பரத்துல வண்டிய எடுத்தோம், நாலரைக்கெல்லாம் பரனூர் டோல்கேட் தாண்டியாச்சு" என்றுதான் பதில் வரும். செருப்பைக் கழற்றும்போது விக்கிரவாண்டி வரும். சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில் உளுந்தூர்பேட்டையும் திருமாந்துறையும் போய்விடும். "ஏழரைக்குத் திருச்சி" என்ற இடத்தில் மட்டும் சற்று நிறுத்துவார். எதிரே இருப்பவர் "ஏழரைக்கா!" என்று வாயைப் பிளப்பதற்கான அவகாசம் அது. பிளக்கவில்லை என்றால் சரியாகக் காதில் விழவில்லை என்று எடுத்துக்கொண்டு மறுபடி தாம்பரத்திலிருந்து ஆரம்பிப்பார்.

இவர் உறவு பார்க்க வருவதாக ஊரில் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நடப்பதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஓட்டி முடித்த நேரத்துக்குச் சாட்சி தேடித்தான் வருகிறார். உறவினர்கள் அந்தச் சாட்சிகள். எந்த டோல்கேட்டில் எந்த வரிசை சீக்கிரம் நகரும் என்று தெரிந்தவருக்கு, தங்கை மகன் பத்தாவதா பன்னிரண்டாவதா என்று தெரியாது. சித்திக்குக் கண் ஆபரேஷன் ஆனதை அவர் போட்டிருக்கும் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்த பிறகும் கேட்கத் தோன்றாது. கணக்காவது நேர்மையானதா என்றால் அதுவும் இல்லை. வீடு அண்ணாநகரில் இருக்கும், கடிகாரம் ஓடத் தொடங்குவது தாம்பரத்தில். மேலூர் வந்ததும் அது நின்றுவிடும், ஏனென்றால் "அதுக்கப்புறம் டவுன் டிராபிக், அதைச் சேர்க்கக் கூடாது." இட்லி சாப்பிட்ட நேரம் கழிவு. பாஸ்டேக் வந்தால் டோல்கேட் கதைகளாவது குறையும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. 2021 பிப்ரவரியில் அது கட்டாயமானது. கதை நீண்டதுதான் மிச்சம்: "முன்னாடி இருந்தவனுக்கு ரீட் ஆகல. அதுல ரெண்டு நிமிஷம் போச்சு. இல்லேன்னா ஏழு இருபத்தெட்டு."

வேகத்தில் உண்மையிலேயே லாபம் இருக்கிறது என்று வாதிடுகிறவர்களுக்காக ஒரு சின்னக் கூட்டல் கழித்தல். நான்குவழி நெடுஞ்சாலையில் காருக்கு மத்திய அரசு 2018இல் வைத்த உச்ச வரம்பு மணிக்கு 100 கிலோமீட்டர். 450 கிலோமீட்டரைத் தொண்ணூறில் ஓட்டினால் ஐந்து மணி நேரம், நூறில் ஓட்டினால் நாலரை. எந்த இடத்திலும் பிரேக்கைத் தொடாமல், எந்த மாட்டுக்கும் ஒதுங்காமல் வந்தால்கூட மிஞ்சுவது அரை மணி. அந்த அரை மணியை எப்படி மிச்சம் பிடித்தார் என்று விளக்க அவருக்குக் குறைந்தது முக்கால் மணி ஆகிறது. அதற்குள் இலையில் வைத்த பொங்கல் இறுகிப்போகும்.

சித்திரை வெயிலில் பத்து மணிக்கு மேல் நெடுஞ்சாலையில் என்ன கதி ஆகும், விடியுமுன் கிளம்புவதுதானே புத்திசாலித்தனம் என்று அவர் சார்பில் கேட்கலாம். கிளம்பட்டும், மூன்றரைக்குக்கூடக் கிளம்பட்டும். ஒன்பதுக்கு வந்து சேர்ந்தவர் பதினொன்று வரை வழியிலேயே இருக்கிறாரே, அதுதான் பிரச்சினை. அதுவும் எந்த மாதத்தில், எந்த ஊரில்! அழகர்கோவிலிலிருந்து மதுரை இருபது கிலோமீட்டர் சொச்சம். கள்ளழகர் அதை வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று நின்று, இரவு பகல் பார்க்காமல் கடந்து வருகிறார். தங்கை மீனாட்சி கல்யாணத்துக்குப் புறப்பட்டவர் வைகைக்கு வருவதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது, கோபத்தில் வண்டியூர் பக்கம் திரும்பிவிட்டார் என்பது ஊர்க்கதை. (தனித்தனியாக நடந்த இரண்டு விழாக்களைத் திருமலை நாயக்கர் சேர்த்து வைத்ததில் பிறந்த கதை இது என்பார்கள் வரலாறு படித்தவர்கள்.) ஏன் லேட் என்று அவரை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அவரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்குப் போய் விடிய விடிய நிற்கிறார்கள். தங்கக் குதிரையை நம் ஆளிடம் கொடுத்திருந்தால் ஒரு மண்டகப்படியிலும் நிற்காமல், முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே வந்து, அப்பன்திருப்பதியை எத்தனை மணிக்குத் தாண்டினார் என்று மணப்பெண்ணுக்கு விளக்கிக்கொண்டிருப்பார்.

வராமலே இருப்பவர்களோடு ஒப்பிட்டால் இவர் எவ்வளவோ மேல் என்பது அடுத்த வாதம். இதற்குப் பதில் சொல்வது கஷ்டம். அழகர் ஆற்றில் இறங்கும் வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு உறவைக் காப்பாற்றிவிட்டதாக நினைக்கிறவர்கள் பெருகிவிட்ட காலத்தில், இந்த மனிதர் வருஷம் தவறாமல் வருகிறார். ராத்திரி ஒரு மணிக்குச் சித்தப்பாவுக்கு நெஞ்சுவலி என்று போன் போனால், விடிந்த கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் முதல் வெளியூர் வண்டி இவருடையதாகத்தான் இருக்கும். அன்று பரனூரைப் பற்றி வாயே திறக்க மாட்டார். சித்தப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கத் தொடங்கிய மூன்றாம் நாள்தான் மெதுவாக, "அன்னிக்கு ரோடு காலியா இருந்துச்சு சித்தப்பா..." என்று ஆரம்பிப்பார். சித்தப்பாவும் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வார்.

ஆனால் அந்த வண்டியின் பின்சீட்டில் வருகிறவர்கள் விஷயத்தில் அவருக்கு இந்தச் சலுகையைக் கொடுக்க முடியாது. "திருச்சி வரைக்கும் வண்டி நிக்காது" என்பது அவர் போட்ட சட்டம். அதனால் அவர் மனைவி முந்தின ராத்திரியே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார். சர்க்கரை வியாதி உள்ள அம்மா, மாத்திரையை விழுங்க ஒரு மடக்கு, அதோடு சரி. சித்திரை மாதத்தில்! கிளம்பும்போது வைத்த தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமல் மதுரைக்கு வந்து சேர்கிறது. வந்ததும் வராததுமாக அவர்கள் இருவரும் கொல்லைப்பக்கம் விரைவதை வீட்டுப் பெண்கள் எல்லோரும் பார்க்கிறார்கள், வழிவிடுகிறார்கள், பேசுவதில்லை. அவரிடம் சொன்னால், "நிறுத்தச் சொல்லி அவங்க கேக்கவே இல்லையே" என்பார். முதல் இரண்டு வருஷம் கேட்டார்கள். "இன்னும் கொஞ்ச தூரந்தான், அடக்கிக்கோ" என்ற பதிலைக் கேட்டபின் விட்டுவிட்டார்கள். வழியில் சுத்தமான இடம் எங்கே இருக்கிறது என்றும் கேட்பார். தேடினால் கிடைக்கும், தேட நிறுத்த வேண்டும். தாம்பரத்திலிருந்து மேலூர் வரை எந்த பங்க்கில் டீசல் சுத்தமாக இருக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எந்த பங்க்கில் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்று கேட்டால் தெரியாது.